நூற்று முப்பத்து நான்காம் இடம்

மண்டைதீவில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் இப்போது கனடாவில் வாழ்கிறார். அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக ஊர்க்கோயில் திருவிழாவும் முழங்கால் வலியும்தான் எங்கள் பேச்சாக இருக்கும். இம்முறை அவர் கேட்டது வேறு விடயம். அவரது பேர்த்திக்குப் பதினான்கு வயது. டென்னிஸ் நன்றாக ஆடுகிறாள். பயிற்றுநர், இனி இதை விளையாட்டாக எடுக்க முடியாது, தொழிலாக எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். தாய் படிப்பு என்கிறார், தகப்பன் ஆடட்டும் என்கிறார். வீடு இரண்டு பட்டு நிற்கிறது.

"மச்சான், உனக்குப் பேப்பர் அனுபவம் இருக்கு. எங்கடை தமிழ்ப் பிள்ளையள் ஆரும் இதிலை பெரிசா வந்திருக்கினமோ?"

நிருபமா வைத்தியநாதன் என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் அழைத்தார். கணினியில் தேடிப் பார்த்திருக்கிறார்.

"உலகத்திலை நூற்று முப்பத்து நாலாம் இடம் மட்டும்தான் போயிருக்கிறா. அதுக்கே இவ்வளவு பாடு?"

தொலைபேசியில் இதற்கு நான்கு வசனங்களில்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவரும் வாசிப்பார், அவரைப் போலக் கேட்கக்கூடிய வேறு சிலரும் வாசிப்பார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கு எண்கள் மீது ஒரு மயக்கம் உண்டு. தலைப்பில் ஓர் எண் இருந்தால் செய்தி நிற்கும் என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் ஓர் எண்ணுக்கு எத்தனை எண்கள் அயலவர்கள் என்று தெரியாவிட்டால் அது வெறும் மைதான். டென்னிஸில் 134 என்பது என்ன?

கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் பெண்களுக்கான ஒற்றையர் பிரதான சுற்றில் 128 பேர் ஆடுவார்கள். இன்றைய முறைப்படி அவர்களில் 104 பேர் உலகத் தரநிலையைக் கொண்டு நேரடியாக உள்ளே போகிறவர்கள். 8 பேர் போட்டி நடத்துவோரின் சிறப்பு அனுமதியில் வருகிறவர்கள். மீதி 16 இடங்களுக்குத் தகுதிகாண் சுற்று நடக்கும். நிருபமா ஆடிய 1990களில் இந்தக் கணக்கு சற்று வேறுபட்டிருந்தது, ஆயினும் அமைப்பு இதுதான். ஆக, 134ஆம் இடத்தில் நிற்பவர் படலையில் கை வைத்தபடி வெளியே நிற்கிறார். உள்ளே விளக்கு எரிவது தெரியும், சத்தம் கேட்கும். ஆனால் உள்ளே போவதற்கு, பெரும் போட்டி தொடங்குவதற்கு முந்திய வாரத்தில், பார்வையாளர் அதிகம் எட்டிப் பார்க்காத பக்கத்து ஆடுகளங்களில், தன்னைப் போலவே படலையில் நிற்கும் மூன்று பேரை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் விமானச் சீட்டைப் பார்க்க வேண்டியதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பெயர் பெற்றிருக்கும் ஒரு பட்டியலில் அந்தப் படலை வரை வருவது சிறிய காரியமா என்று நண்பர் யோசிக்கட்டும்.

நிருபமா 1976 டிசெம்பரில் கோயம்புத்தூரில் பிறந்தவர். தகப்பனார் கே. எஸ். வைத்தியநாதன் தமிழ்நாட்டு அணிக்காகக் கிரிக்கெட் ஆடியவர். மகளின் கையில் ஐந்து வயதில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்தவர் அவரே. பதினான்கு வயதில் நிருபமா இந்தியாவின் தேசிய மகளிர் பட்டத்தை வென்றார். நண்பரின் பேர்த்திக்கு இப்போது இருக்கும் வயது அது! அதன்பின் தொழில்முறை ஆட்டம். 1997இல் 134ஆம் இடம். 1998 ஜனவரியில் மெல்பேர்னில் அவுஸ்திரேலியப் பகிரங்க டென்னிஸ் போட்டியின் முதற்சுற்றில் இத்தாலியின் குளோரியா பிற்சிகீனியை வென்றார். டென்னிஸின் பெரும் போட்டிகள் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் திறந்துவிடப்பட்ட 1968க்குப் பின்னர், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அடுத்த சுற்றில் தோற்றார். அதே ஆண்டின் இறுதியில் பாங்கொக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் இணைந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆட்டம். இவ்வளவையும் ஒரு பந்தியில் எழுதிவிட முடிகிறது. ஆனால் அந்தப் பந்தியில் இல்லாத ஒன்று இருக்கிறது, அதுதான் செலவு.

கிரிக்கெட் வீரருக்கு ஒரு சபை இருக்கிறது. விமானச் சீட்டை அது எடுக்கும், தங்குமிடத்தை அது பார்க்கும், ஓட்டம் பெறாமல் ஆட்டமிழந்தாலும் அன்றைய சாப்பாட்டுக்குக் குறைவில்லை. டென்னிஸில் தொழில் செய்பவருக்கு எசமான் கிடையாது. எங்கள் மண்டைதீவுக் கடலில் சொந்தத் தோணியில் தொழிலுக்குப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் அவருடையது, வலை அவருடையது, கூட வருகிற ஆளுக்குக் கூலியும் அவருடையது. மீன் பட்டாலும் செலவு செலவுதான், படாவிட்டாலும் செலவு செலவுதான். டென்னிஸ் ஆட்டக்காரியும் அப்படித்தான். பயிற்றுநரின் சம்பளம், அவரது விமானச் சீட்டு, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி, ஒவ்வொரு நகரிலும் தங்கும் அறை எல்லாம் அவர் பையிலிருந்து போக வேண்டும். கீழ்மட்டத்துப் போட்டிகளில் அந்நாட்களில் மொத்தப் பரிசே பத்தாயிரம் டொலர்தான். அதை ஒற்றையர், இரட்டையர் என்று ஆடிய எல்லாரும் பங்கிட வேண்டும். முதற்சுற்றில் தோற்றவருக்கு வருவது திரும்பிப் போகும் டாக்சிக்குத்தான் காணும். போதாததற்கு, 1998இல் மெல்பேர்னில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பரிசுப்பணம் சமமாகவும் இருக்கவில்லை. அங்கே அது 2001இலும் விம்பிள்டனில் 2007இலும்தான் சமமானது.

கோயம்புத்தூரிலிருந்து இந்தத் தோணியைத் தள்ளிக்கொண்டு போன பெண்ணுக்கு முன்னால் போன தோணி ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. இதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்பினேன்.

அந்த ஜனவரியில் நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். வன்னியில் 'ஜெயசிக்குறு' நடவடிக்கை எட்டு மாதங்களைக் கடந்து நீண்டுகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் 29ஆம் திகதி என்று அறிவித்திருந்தார்கள். முதற்பக்கத்துக்கு எந்நாளும் பஞ்சமில்லாத காலம். விளையாட்டுப் பக்கத்திலோ, 18ஆம் திகதி டாக்காவில் கனித்கர் அடித்த கடைசி நான்கு ஓட்டங்களின் ஈரம் இன்னும் காயவில்லை. இந்தியா பாகிஸ்தானை வென்ற கதையை மூன்று நாட்களாக எழுதிக்கொண்டிருந்தோம். சிம்பாப்வே அணி வேறு இலங்கையில் நின்றது. அந்த நெரிசலுக்குள் மெல்பேர்னிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சிறு செய்தி வந்தது. விளையாட்டுப் பக்கம் பார்த்த இளைஞர் அதை என் மேசைக்குக் கொண்டு வந்தார்.

"அண்ணை, இந்தியப் பெட்டை ஒண்டு வெண்டிருக்கு. எத்தினை வரி விடுவம்?"

"எந்த ஊர்ப் பிள்ளை தம்பி?"

"கோயம்புத்தூராம். பேர் வைத்தியநாதன் எண்டு கிடக்கு."

"அப்ப பேரைத் தலைப்பிலை போடும்."

எட்டு வரி போனது. ஒற்றைப் பத்தி. ஆனால் 'இந்திய வீராங்கனை வெற்றி' என்று போகாமல் 'நிருபமா வெற்றி' என்று போனது. தம்பி 'வைத்யநாதன்' என்று சென்னை வழக்கில் எழுதாமல் நம்மூர் வழக்கில் 'வைத்தியநாதன்' என்று எழுதினார். அதைப் பார்த்து ஒப்புநோக்குபவர் சிரித்தது நினைவிருக்கிறது. வைத்தீஸ்வரன் கோயில் யாழ்ப்பாணத்திலும் உண்டல்லவா! அப்பெயர் எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஐந்து நாட்களின் பின் கண்டியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அதன் பிறகு டென்னிஸை யார் நினைத்தார்கள்.

அந்த எட்டு வரி செய்தியில் ஒரு நீண்ட இடைவெளி அடங்கியிருந்தது. 1934இல் லீலா ராவ் என்னும் இந்தியப் பெண் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்றார். அங்கே வென்ற முதல் இந்தியப் பெண் அவர். இந்திய ஆண்களுக்கோ பிற்காலத்தில் ஒரு நெடுஞ்சாலையே போடப்பட்டது, அதுவும் பெரும்பாலும் சென்னையிலிருந்து. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். விஜய் அமிர்தராஜ் 1973இலும் 1981இலும் காலிறுதிக்குப் போனார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார், தகப்பன் 1954இல் வென்ற அதே பட்டம். ஒரே நகரத்திலிருந்து இத்தனை பேர். அதே ஆடுகளங்கள், அதே வெயில், அதே கழகங்கள். பெண்களும் ஆடினார்கள், தேசியப் பட்டங்களும் வென்றார்கள். ஆனால் மட்டையோடு தனியே விமானம் ஏறி ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பு நடத்தும் தொழிலுக்குப் பெண்ணை அனுப்பலாம் என்ற எண்ணம் வீடுகளுக்குள் வர அத்தனை காலம் எடுத்தது. சென்னையில் ஆடுகளம் இருந்தது, படலைதான் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

திறந்த பின் நடந்ததைப் பாருங்கள். ஏழே ஆண்டுகள். 2005 ஜனவரியில் அதே மெல்பேர்னில் ஹைதராபாத்தின் சானியா மிர்சா மூன்றாம் சுற்று வரை போய் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். அடுத்த மாதம் தன் ஊரிலேயே பட்டம் வென்றார். 2007இல் உலகத் தரநிலையில் 27ஆம் இடம். பிறகு இரட்டையரில் உலகின் முதலிடம், 2015இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம். சானியாவின் காலத்தில் எங்கள் பத்திரிகைகள் அவருடைய பாவாடையின் நீளத்தைப் பற்றியும் எழுதின. ஒரு துறைக்கு இரண்டாவதாக வருகிறவருக்குக் கிடைக்கும் தொல்லை அது. முதலாவதாக வருகிறவரைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள், இரண்டாமவரை விடவே மாட்டார்கள்.

நிருபமாவின் கதையைத் தனியே வைத்துப் பார்த்தால் நண்பரைப் போலத்தான் பலரும் நினைப்பார்கள். அதனால் இன்னொரு நாட்டின் கதையைப் பக்கத்தில் வைக்கிறேன். வட ஆபிரிக்காவில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள சிறிய நாடு துனீசியா. அங்கே ஏறத்தாழ நிருபமாவின் வயதில் செலிமா ஸ்ஃபார் என்றொரு பெண் இருந்தார். டென்னிஸுக்காகப் பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுப் பிரான்ஸின் பியாரிட்ஸ் நகருக்குப் போனவர். 2001இல் உலகின் 75ஆம் இடம் வரை வந்தார். நூறு பேருக்குள் வந்த முதல் அரபுப் பெண். பெரும்போட்டி எதையும் வெல்லவில்லை. அவருடைய பெயர் துனீசியாவுக்கு வெளியே இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் 75ஆம் இடத்துக்கு வந்த ஆண்டில், அதே நாட்டின் கடலோர நகரமான சூஸில் ஏழு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமி பந்தடித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஒன்ஸ் ஜபேர். தாய் சமீரா பொழுதுபோக்காக டென்னிஸ் ஆடுகிறவர், மூன்று வயதிலேயே மகளைக் கழகத்துக்குக் கூட்டிப் போனவர். அந்தக் கழகத்துக்குச் சொந்த ஆடுகளம்கூட இருக்கவில்லை. சூஸ் உல்லாசப் பயணிகளின் நகரம். வெள்ளைக்காரர் வெயில் காய வரும் விடுதிகளில் டென்னிஸ் ஆடுகளங்கள் இருந்தன. பிள்ளைகளின் பயிற்சி பெரும்பாலும் அங்கேதான். நபில் ம்லிகா என்ற பயிற்றுநர் பத்தாண்டு அளவில் அவளைப் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு வயதில் தலைநகர் தூனிஸில் உள்ள விளையாட்டுப் பாடசாலைக்குப் போனாள்.

2010இல் பாரிஸில் பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியின் இளையோர் இறுதியாட்டம், தோல்வி. 2011இல் அதே இடத்தில் இறுதியாட்டம், வெற்றி. பதினாறு வயதில் உலகமே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கத்தான் செய்தது, பிறகு மறந்துவிட்டது. இங்கேதான் நண்பர் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. இளையோர் பட்டம் வென்ற அந்தப் பெண் உலகின் முதல் நூறு பேருக்குள் வந்தது 2017இல். ஆறு ஆண்டுகள்! இடையில் என்ன செய்தார்? அதே தோணிப் பயணம்தான். சிறிய நகரங்கள், சிறிய பரிசுகள், காயங்கள். நிருபமா கை வைத்து நின்ற அதே படலையில் ஜபேரும் ஆண்டுக்கணக்கில் நின்றார். 2017இல் பாரிஸில் தகுதிகாண் சுற்றில் தோற்று, வேறொருவர் விலகியதால் கிடைத்த இடத்தில் உள்ளே போய், மூன்றாம் சுற்று வரை முன்னேறினார். கிராண்ட் ஸ்லாம் காலிறுதிக்கு வந்தது 2020இல். முதற் பட்டம் 2021 ஜூனில், பேர்மிங்காமில். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது.

இருபதாவது வயதில் அவரது தரநிலையைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று யாரேனும் முடிவு எழுதியிருந்தால்? எழுதியிருப்பார்கள். எங்கள் தொழிலில் அப்படி எழுத எப்போதும் ஒருவர் கிடைப்பார்.

ஜபேரின் வளர்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. உயரத்துக்குப் போகிற காலத்தில் அவர் தன்னைச் சுற்றித் தன் நாட்டவரையே வைத்துக்கொண்டார். உடற்பயிற்சியைக் கவனித்தவர் அவரது கணவர் கரீம் கமூன், முன்னாள் வாள்வீச்சு வீரர். பயிற்றுநர் இஸாம் ஜெல்லாலி, துனீசியாவின் முன்னாள் டென்னிஸ் வீரர். வெளிநாட்டுப் பெரும்பெயர்கள் எதுவும் இல்லை. ஆட்டமும் அப்படித்தான். இக்காலத்துப் பெண்கள் டென்னிஸ் பலத்தை நம்பியது. பின்கோட்டில் நின்று சுவரை இடிப்பது போல அடிப்பார்கள். ஜபேரோ பந்தை வெட்டி, வேகத்தைக் கொன்று, வலைக்கு அப்பால் பூப்போல விழ வைப்பார். எதிராளி ஓடி வந்து சேர்வதற்குள் பந்து இரண்டாம் தரம் குதித்துவிடும். நிருபமா 2013இல் எழுதிய தன்வரலாற்று நூலின் பெயர் 'த மூன்போலர்'. நிலவை நோக்கிப் போவது போலப் பந்தை உயரத் தூக்கி அடிப்பதை டென்னிஸில் அப்படிச் சொல்வார்கள். பலம் குறைந்தவர் பலம் கூடியவரைப் பொறுமை இழக்கச் செய்யும் வழி அது. ஒருவர் பந்தை நிலவுக்கு அனுப்பினார், மற்றவர் வலையடியில் விழ வைத்தார். பலசாலிகளின் ஆட்டத்தில் பலமில்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்கு ஒழுங்கைகள் இவை.

2022ஆம் ஆண்டு ஜபேரின் ஆண்டு. மே மாதம் மட்ரிட்டில் பட்டம், ஜூனில் பேர்ளினில் பட்டம், ஜூன் இறுதியில் உலகின் இரண்டாம் இடம். ஜூலை 9ஆம் திகதி விம்பிள்டன் இறுதியாட்டம். திகதியைப் பார்த்ததும் இலங்கை வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த அதே சனிக்கிழமை. மாலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியின் ஓர் அலைவரிசையில் இளைஞர்கள் ஜனாதிபதியின் நீச்சல் தடாகத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னோர் அலைவரிசையில் துனீசியப் பெண் ஒருத்தி, ஆபிரிக்காவிலிருந்தோ அரபுலகிலிருந்தோ அக்காலம் வரை எந்தப் பெண்ணும் தொழில்முறை யுகத்தில் நின்றிராத புல்தரையில் நின்றாள். துனீசியாவில் அன்று ஹஜ்ஜுப் பெருநாள். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஐம்பது ஆண்டு பத்திரிகைப் பழக்கம், ஒரே நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் பார்க்க மனம் விடுவதில்லை. முதல் செட்டை ஜபேர் 6-3 என்று வென்றார். அடுத்த இரண்டையும் கஸக்ஸ்தானின் எலேனா ரைபகினா 6-2, 6-2 என்று எடுத்துக்கொண்டார்.

செப்டெம்பரில் நியூயோர்க்கில் மறுபடியும் இறுதி, இகா ஸ்வியாதெக்கிடம் தோல்வி. மறு ஆண்டு விம்பிள்டன். காலிறுதியில் ரைபகினாவிடம் முதல் செட்டை இழந்தும் வென்று பழி தீர்த்தார். அரையிறுதியில் சபலெங்காவிடமும் முதல் செட்டை இழந்தும் வென்றார். இறுதியில் எதிரே வந்தவர் செக் நாட்டு மார்கெட்டா வொன்ட்ரூசோவா, தரவரிசையின் உச்சத்தில் உள்ள எட்டுப் பத்துப் பேரில் ஒருவருமல்லர். வெல்ல வேண்டிய ஆட்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். 6-4, 6-4 என்று தோற்றார். பரிசளிப்பில் அழுதார், தன் வாழ்க்கையில் மிகவும் வலித்த தோல்வி இதுவே என்றார்.

அந்த அழுகையைப் பார்த்தபோது, ஓர் ஆட்டக்காரி தன் ஆட்டத்துக்காக மட்டும் அழவில்லை என்று எனக்குப் பட்டது. வொன்ட்ரூசோவா தோற்றிருந்தால் அவர் ஒருவர்தான் தோற்றிருப்பார். செக் நாட்டில் அவருக்கு முன்னும் பின்னும் பலர் இருக்கிறார்கள். ஜபேர் தோற்றபோது ஒரு நாடும் ஒரு கண்டமும் ஒரு மொழியுலகமும் தோற்றதாக அவரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. 'முதல் அரபுப் பெண்', 'முதல் ஆபிரிக்கப் பெண்' என்று நாங்கள்தான் நாள்தோறும் எழுதினோம். மகிழ்ந்து எழுதினோம். ஆனால் எழுதியவர்கள் ஆடவில்லை, ஆடியவர் அந்தத் தலைப்புகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார். நிருபமாவுக்குக் கிடைத்த எட்டு வரி கொஞ்சம் என்றால், ஜபேருக்குக் கிடைத்த பல்லாயிரம் வரிகள் அதிகம். அதற்குப் பின் அவர் இன்னொரு பட்டம் வென்றும் காயங்களோடும் மூச்சுத்திணறலோடும் போராடினார். 2025இல் விம்பிள்டன் முதற்சுற்றிலேயே ஆட்டத்தை இடையில் விட்டார். அதே ஜூலையில் ஆட்டத்திலிருந்து ஓய்வெடுக்கப் போவதாகவும், தன் ஆட்டத்தில் மகிழ்ச்சி இல்லாமல் நெடுநாளாகிவிட்டதாகவும் அறிவித்தார். நவம்பரில் தாயாகப் போவதாகச் செய்தி வந்தது. 'மகிழ்ச்சி அமைச்சர்' என்று துனீசிய மக்கள் செல்லமாகப் பெயர் வைத்த பெண்!

நிருபமாவும் ஆட்டத்தை விட்டு அமெரிக்காவில் குடியேறித் தாயானவர். பின்னர் 2010இல், முப்பத்து மூன்று வயதில், மறுபடியும் மட்டையைத் தூக்கிக்கொண்டு தில்லிப் பொதுநலவாய விளையாட்டுக்கு வந்தார். இன்று கலிபோர்னியாவில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்பிக்கிறார். ஜபேர் திரும்புவாரா என்பது அவர் விருப்பம், நான் சோதிடம் சொல்லப் போவதில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். நண்பரின் பேர்த்தி டொரொன்டோவில் ஆடுகிறாள் என்றதும் எனக்கு என் சின்னம்மாவின் மகள்தான் நினைவுக்கு வந்தாள். கிளித்தட்டு மறிப்பதில் அவளைத் தாண்டிப் போன பையன் மண்டைதீவில் இல்லை. ஓட்டத்தில் எங்களை விட இரண்டு பாகம் முன்னால் போவாள். பாடசாலையில் வலைப்பந்தாட்ட அணிக்கு எடுத்தார்கள். பண்ணையைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் போட்டிக்குக் கூட்டிப் போக ஆசிரியை வீட்டுக்கே வந்து கேட்டார். அதற்குச் சற்று முன்தான் அவள் பெரியபிள்ளையாகியிருந்தாள். அம்மம்மா வாசலில் நின்றே பதில் சொன்னார்: "பெரியபிள்ளையான பெட்டை கால் தெரிய ஓடுறதோ ரீச்சர்?" ஆசிரியை தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். சின்னம்மாவின் மகள் அன்று அழவில்லை. கிணற்றடியில் போய் நெடுநேரம் பாத்திரம் தேய்த்தாள். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவில் இறங்கிய பிறகு எல்லாருடைய கதையும் வேறாயிற்று, அவள் குடும்பம் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. ரோலண்ட் கரோஸ் மைதானம் இருக்கும் அதே நகரம்.

ஆனால் எல்லா அம்மம்மாக்களும் அப்படி இருக்கவில்லை, அல்லது எல்லாப் பெண்களும் கிணற்றடியோடு நிற்கவில்லை. புன்னாலைக்கட்டுவனின் ஏவினை ஊரிலிருந்து தர்ஜினி சிவலிங்கம் வந்தார். 2.08 மீற்றர் உயரம். எங்கள் ஊர்களில் அந்த உயரத்துப் பெண் வீதியில் நடந்தால் எத்தனை வாய்கள் அசையும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த உயரத்தையே ஆயுதமாக்கி இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் கோல் போடும் இடத்தில் நின்றார். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் அவர் இருந்தார். 2009 எப்படிப்பட்ட ஆண்டு என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டில் ஒரு யாழ்ப்பாணப் பெண் இலங்கைக் கொடி பொறித்த சட்டையோடு ஆடி வென்றாள். அதை எப்படித் தலைப்பிடுவது என்று எங்களில் பலருக்குத் தெரியவில்லை. அவருக்குப் பந்தை வளையத்துக்குள் போடத் தெரிந்திருந்தது. பின்னர் மெல்பேர்னிலும் கழக மட்டத்தில் ஆடினார். நிருபமா வென்ற அதே நகரம் என்பது தற்செயல்தான், ஆனாலும் குறித்து வைக்கிறேன்.

2025 செப்டெம்பர் முதலாம் திகதி எங்கள் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். புலம்பெயர்ந்த ஊரவர்கள் படங்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மகிழ்ச்சிதான். ஈரநிலத்தில் கட்டலாமா என்று சூழல் ஆர்வலர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதே, அதைப் பிறிதொரு நாள் எழுதுவேன். எனக்குத் தோன்றிய ஆசை வேறு. அந்த மைதானத்தின் ஒரு மூலையில் நான்கு வெள்ளைக் கோடு போட்டு ஒரு வலைப்பந்தாட்டக் களமும், ஒரு வலை கட்டி ஒரு டென்னிஸ் ஆடுகளமும் வைத்தால் கிரிக்கெட்டுக்கு எதுவும் குறைந்துவிடாது. சூஸ் நகரத்துச் சிறுமிக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான், யாரோ வெளியூர்க்காரருக்காகப் போட்ட ஓர் ஆடுகளம், அதில் தான் ஆட ஒரு மணி நேரம்.

நண்பரின் வீட்டுச் சச்சரவுக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறேன். பேர்த்திக்கு இப்போது பதினான்கு. ஜபேர் முதற் பட்டம் வென்ற வயது இருபத்தாறு. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்கும் மண்ணெண்ணெய் யார் அடிப்பது என்பதைத்தான் தாயும் தகப்பனும் உட்கார்ந்து பேச வேண்டும். படிப்பா டென்னிஸா என்று அல்ல. ஜபேர்கூடப் பாடசாலையில் இருந்துகொண்டுதான் ஆடினார். பன்னிரண்டு ஆண்டு முடிவில் 134ஆம் இடம் கிடைத்தால் அதைத் தோல்வி என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது, தாத்தா உட்பட.

கோயம்புத்தூரில் இப்போது இன்னொரு பெண் இருக்கிறார். மாயா ராஜேஷ்வரன் ரேவதி, 2009இல் பிறந்தவர். 2025 பெப்ரவரியில், பதினைந்து வயதில், மும்பாயில் நடந்த தொழில்முறை மகளிர் போட்டி ஒன்றில் அரையிறுதி வரை போய் சுவிற்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம் தோற்றார். பிறகு பயிற்சிக்காக ஸ்பெயினில் நடாலின் டென்னிஸ் கழகத்துக்குப் போனார். இவருக்கு முன்னால் ஒரு தோணி போயிருக்கிறது, அதுவும் இவருடைய ஊரிலிருந்தே. மாயா ஒரு நாள் 134ஐத் தாண்டக்கூடும். அன்று செய்தி மேசையில் இருக்கப் போகும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள்: இரண்டாவது பந்தியில் நிருபமா வைத்தியநாதன் என்ற பெயரைச் சேர்த்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் கிரிக்கெட்டில் இரண்டு வரி வெட்டலாம்.